கொர்னீலியா சொராப்ஜி அம்மையார்: இந்தியாவின் முதற் பெண் வழக்கறிஞர்

ஆதனம் உள்ள வீடுகளிலே உறுதிப் பெட்டி என்று ஒன்று இருக்கும். அப்பெட்டியினுள்ளே கிடக்கும் உறுதிகள் யார் பெயரில் இருப்பினும், அவற்றை வாசித்துப் பொருள் அறியக்கூடியவர் எவரோ அவர் கையிலேதான் அவ்வீட்டின் அதிகாரமும் இருக்கும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய பகுதிகளிலே பெருநிலக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெண்கள் உரிமையாளராய் இருந்தனர். ஊர் ஊராகக் காணி அவர்கள் பெயரில் இருந்தது. ஆனால், தம் பெயரில் எழுதப்பட்ட பத்திரம் ஒன்றைத் தாமே வாசித்தறிய அவர்களுட் பலருக்கு இயலாது. வாசித்துப் பொருள் சொல்ல வரும் ஆடவரை முகங்கொடுத்துக் காண்பதற்கும் குலவழக்கம் இடந்தராது. 'பர்தா' என்னும் திரை, அவர்களுக்கும் உலகுக்கும் இடையிலே தொங்கிற்று.

அத்திரையை விலக்கி உட்சென்று, அப்பெண்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் குறைகேட்ட முதல் வழக்கறிஞர் கொர்னீலியா சொராப்ஜி அம்மையார் ஆவர். 1866 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் பிறந்து, 1954 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் மறைந்த இவ்வம்மையார் நம் சமயத்தவர் அல்லர். இந்திய விடுதலை இயக்கத்தை ஆதரித்தவரும் அல்லர். அங்ஙனமாயின், இந்து வாலிபர் சங்கத்தின் மலரிலே இவரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. அம்மையாரின் வாழ்வை முதலில் நோக்கிவிட்டு அவ்வினாவுக்கு வருவோம்.

பெற்றோரும் பிள்ளைமையும்

பம்பாய் மாகாணத்திலுள்ள நாசிக் என்னும் நகரிலே கொர்னீலியா பிறந்தார். தந்தையார் சொராப்ஜி கர்சேட்ஜி, பார்சி குலத்திற் பிறந்து கிறிஸ்தவராகிப் போதகப் பணி புரிந்தவர். தாயார் பிரான்சினா, ஆங்கிலத் தம்பதியர் ஒருவரால் மகளாக ஏற்று வளர்க்கப்பட்டவர். பூனா நகரிலே அவர் நிறுவிய விக்டோரியா உயர்தர பாடசாலை பல சாதி, பல சமயப் பிள்ளைகளுக்கும் வாயில் திறந்து வைத்திருந்தது. பெண்மக்கள் பலரைப் பெற்ற இப்பெற்றோர், அவர்களுக்குச் சீதனம் சேர்ப்பதிலும் பார்க்கக் கல்வி கொடுப்பதிலேயே கருத்தாயிருந்தனர். மகளிருள் சூசி பூனாவிற் பாடசாலை நடத்தினார், அலிஸ் மருத்துவரானார், கொர்னீலியா சட்டத்தை நாடினார்.

சட்டத்தை நாடியதற்குக் காரணமாய் அமைந்த நிகழ்ச்சியை அம்மையாரே 1934 இல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்று நூலிற் கூறியுள்ளார். அவர் சிறுமியாயிருந்த காலத்தில், செல்வமிக்க இந்து மாது ஒருவர் தாயாரைத் தேடி வந்து அழுதாராம். அவருடைய ஆதனத்தை மேற்பார்த்த காரியக்காரன், வெற்றுத் தாளொன்றில் அவரது ஒப்பத்தைப் பெற்று, பின்பு அதன்மேல் தனக்கு வேண்டியவாறு எழுதி, சொத்தையெல்லாம் தன்னுடையதாக்கிக் கொண்டானாம். அம்மாது சென்றபின் தாயார் மகளை அருகழைத்து, இவ்விதம் துன்புறும் பெண்கள் இந்நாட்டிலே பலர் உளர் என்றும், நீ சட்டம் பயின்றால் இவர்களுக்கு உதவலாம் என்றும் சொன்னாராம்.

அந்த வெற்றுத் தாளை வாசகர் மனத்தில் இருத்திக் கொள்ளல் வேண்டும். அம்மையாரின் எண்பத்தேழாண்டு வாழ்விலே நிகழ்ந்தவை பல. எனினும், அவ்வாழ்வின் பொருள் முழுவதும் அந்த ஒரு தாளிலே அடங்கியிருக்கின்றது எனலாம்.

கல்வியும் தடையும்

பூனாவிலிருந்த டெக்கன் கல்லூரியிலே கொர்னீலியா சேர்ந்தபோது அங்கே வேறு பெண்கள் இல்லை. ஆடவர் நிறைந்த வகுப்புகளில் தனியொரு பெண்ணாயிருந்து படித்து, முதல் வகுப்பிற் சித்தியடைந்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரி என்னும் பெருமையைப் பெற்றார். அத்தகைய தேர்ச்சி பெற்ற ஆடவர்க்கு இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் உண்டு. அதற்கு அவர் உரிமை கோரியபோது, பெண் என்னும் காரணத்தால் மறுக்கப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றத்திலே இதுபற்றிக் கேள்வி எழுப்பப்பட்டும் பயன் விளையவில்லை.

இடையிலே அகமதாபாத்திலுள்ள குஜராத் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பதவி தற்காலிகமாக அவருக்குக் கிடைத்தது. இருபது வயதைச் சற்றே கடந்த பெண்ணொருத்தி ஆடவர் கல்லூரியிலே ஆசிரிய பீடத்தில் அமர்ந்தது அக்காலத்துக்குப் பெரும் புதுமை.

அரசாங்கம் மறுத்ததைத் தனியார் சிலர் கொடுக்க முன்வந்தனர். மேரி ஹொப்ஹவுஸ் சீமாட்டி முயன்று நிதி திரட்டினார். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், சேர் வில்லியம் வெடர்பேர்ண் முதலியோர் அதற்கு உதவினர். 1889 ஆம் ஆண்டு கொர்னீலியா கப்பலேறி ஒக்ஸ்போர்ட் சென்று சோமர்வில் மண்டபத்திற் சேர்ந்தார். பேலியல் கல்லூரித் தலைவராயிருந்த அறிஞர் பெஞ்சமின் ஜோவெற் அவருக்குத் துணைநின்றார். பெண்கள் அதுவரை இருந்து படித்தறியாத 'ஓல் சோல்ஸ்' கல்லூரிச் சட்ட நூலகமும் அவருக்குத் திறக்கப்பட்டது.

1892 ஆம் ஆண்டு சட்டப் பரீட்சை நெருங்கியது. ஆடவருடன் ஒரே மண்டபத்தில் இருந்து பெண்ணொருத்தி அப்பரீட்சையை எழுதுவதா என்னும் கேள்வி எழுந்தது. தனியே இருந்து எழுத அவர் உடன்படவில்லை. இறுதியிலே பல்கலைக்கழகச் சபை கூடிச் சிறப்பாணை பிறப்பித்தது. பீ. சி. எல். என்னும் அச்சட்டப் பரீட்சைக்குத் தோற்றிய முதற் பெண் அவரே. பரீட்சையில் அவர் சித்தியடைந்தார். ஆயினும் பட்டம் வழங்கப்படவில்லை. பெண்களுக்குப் பட்டம் அளிப்பதில்லை என்பதே அந்நாளில் அப்பல்கலைக்கழகத்தின் விதி. அவ்விதி மாறியது 1920 இல். தாம் எழுதிய பரீட்சைக்குரிய பட்டத்தை அம்மையார் பெற்றுக்கொண்டது 1922 இல். முப்பது ஆண்டுகள்! எழுதும்போது இருபத்தைந்து வயது. பெறும்போது ஐம்பத்தைந்து வயது.

நீதிமன்றத்தின் வெளியே

1890 களின் நடுப்பகுதியில் தாய்நாடு திரும்பிய அம்மையார், வழக்குரைக்கும் உரிமையைப் பெறப் படாத பாடுபட்டார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார். 1899 இல் அலகபாத் உயர் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் பரீட்சையையும் எழுதிச் சித்தியடைந்தார். இவ்வளவுக்குப் பின்னரும் நீதிமன்றத்திற் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். அறிவிலே குறை காண முடியாதவர்கள் பிறப்பிலே குறை கண்டனர்.

சுதேச சமஸ்தானங்கள் சிலவற்றிலே மட்டும் சிறப்பு அனுமதி பெற்று அவர் வாதாட முடிந்தது. அவ்வாறு வாதாடிய வழக்கொன்றை நகைச்சுவையோடு அவர் வருணித்துள்ளார். வழக்கின் கட்சிக்காரர் ஒரு யானை! முன்னிருந்த அரசர் அந்த யானையின் பராமரிப்புக்கென விட்டிருந்த நிலத்தைப் பின்வந்தவர் பறித்துக் கொண்டார் என்பது முறைப்பாடு. வழக்கை விசாரித்தவரோ அவ்வரசரே. ஊஞ்சலில் ஆடியவாறு இருந்த அவர், தமது நாய்க்கு இவ்வம்மையாரைப் பிடித்துவிட்டது, ஆகவே வழக்கும் இவர் பக்கமே, என்று தீர்ப்பளித்தாராம். கேட்டுச் சிரிக்கலாம். ஆனால், ஒக்ஸ்போர்ட்டிலே ரோம சட்டமும் ஆங்கிலச் சட்டமும் பயின்ற ஒருவர், நாயின் தயவினால் வழக்கு வெல்லவேண்டிய நிலையில் இருந்தார் என்பதை எண்ணும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது.

திரைக்குப் பின்னால் நிகழ்ந்தது என்ன?

இனி அம்மையாரின் பெரும்பணிக்கு வருவோம். அதனை விளங்கிக்கொள்ள அக்காலத்துச் சட்டநிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

வங்காளத்தில் வழங்கிய தாயபாக முறைப்படி, ஆண் மகவின்றி இறந்தவனின் ஆதனம் அவன் மனைவியைச் சேரும். ஆனால் அது முழு உரிமையன்று. ஆயுள் உள்ளவரை அவள் அனுபவிக்கலாம். தக்க தேவையின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. அவளுக்குப் பின் அது கணவன் வழியில் அடுத்த உரிமையாளரைச் சேரும். கணவன் அனுமதித்திருந்தால் அவள் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கலாம். எடுத்தால் ஆதனம் அப்பிள்ளைக்கு ஆகும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அடுத்த உரிமையாளரான கொழுந்தனுக்கோ பங்காளிக்கோ, அக்கைம்பெண் நெடுங்காலம் வாழ்வதும் இடையூறு. அவள் பிள்ளை எடுப்பதும் இடையூறு. அவளைச் சூழ்ந்திருப்போர் அவர்களே. அவளது வரவு செலவைப் பார்க்கும் காரியக்காரனோ, கணக்கு அவளுக்கு விளங்காதவரையிலேதான் வாழ முடியும். உணவுக்கும் உடைக்குமுரிய படியைக் கூடக் கொடாது மறுத்த குடும்பங்களும் உண்டு. முறையிடுவதற்கு அவள் எங்கே செல்வாள்? நீதிமன்றத்தில் இருப்போர் அனைவரும் ஆடவர்.

சட்டம் இப்பெண்களை முற்றாகக் கைவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பர்தாவுக்குள் வாழும் பெண்ணொருத்தி ஒப்பமிட்ட பத்திரத்தைக் கொண்டு எவனாவது உரிமை கோரினால், அவள் அதன் பொருளை நன்கு அறிந்தே ஒப்பமிட்டாள் என்பதை அவனே நிரூபித்தல் வேண்டும் என்று நீதிமன்றங்கள் விதித்திருந்தன. அவளுக்குத் தன்னலமற்ற ஒருவரின் ஆலோசனை கிடைத்ததா என்றும் நீதிபதிகள் ஆராய்ந்தனர். நல்ல விதிதான். ஆனால் அந்த ஆலோசனையைச் சொல்வதற்குத் திரைக்குள் நுழையக்கூடியவர் யார்? சட்டம் அறிந்தவர் உள்ளே செல்ல முடியாது. உள்ளே செல்லக்கூடியவர் சட்டம் அறியார். விதி புத்தகத்திலிருந்தது. அதைக் கொண்டு செல்லும் கால்கள் இல்லை.

இந்தக் குறையையே கொர்னீலியா கண்டார். சட்டம் கற்ற பெண்ணொருத்தியை அரசாங்கமே ஆலோசகராக நியமித்தல் வேண்டும் என்று 1902 முதல் இந்திய அலுவலகத்துக்கு விண்ணப்பித்து வந்தார். 1904 இல் வெற்றி கிட்டிற்று. உரிமையாளர் சிறுவராயோ, ஆதனத்தை நடத்த இயலாத பெண்களாயோ இருக்கும் பெருநிலங்களை அரசாங்கம் பொறுப்பேற்று நடத்துவதற்குக் 'கோட் ஒவ் வாட்ஸ்' என்னும் பரிபாலன மன்று ஒன்று இருந்தது. வங்காளத்து மன்றிலே 'பெண் உதவியாளர்' என்னும் புதுப்பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. 1907 அளவில் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் ஆகிய நான்கு பகுதிகளும் அவர் பொறுப்பில் வந்தன.

பதினெட்டாண்டுப் பணி

புகைவண்டியிலும் படகிலும் பல்லக்கிலும் யானைமீதும் பயணஞ்செய்து, ஆற்றங்கரை மாளிகைகளையும் காட்டோரக் கோட்டைகளையும் அவர் அடைந்தார். ஆணையிடும் அதிகாரியாக அல்லாது விருந்தினராகவே அந்தப்புரங்களுள் நுழைந்தார். கட்டை விரலடையாளம் வைக்குமுன் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். மாமியும் மருமகளும் வழக்காடிப் பெருஞ்செல்வத்தை அழிக்கும் நிலையில், இருவரையும் தனித்தனியே கண்டு பேசிச் சமாதானம் செய்தார். கைம்பெண்களுக்குரிய படியைப் பெற்றுக் கொடுத்தார். பையன்களைப் பாடசாலைக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார்; பெண் குழந்தைகளுக்கு வீட்டினுள்ளேயே ஆசிரியைகளை அமர்த்தினார்; நோயுற்றோருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்தார். இங்ஙனம் அவரால் உதவிபெற்ற பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் அறுநூற்றுக்கு மேற்பட்டவர் என்பர். கட்டணம் பெறாது செய்த உதவியும் உண்டு. 1909 இல் அரசாங்கம் அவருக்குக் 'கெய்சர் ஈ ஹிந்த்' தங்கப் பதக்கம் வழங்கிற்று.

இப்பணியிலே நாம் கருத்தூன்றிக் காணவேண்டியது ஒன்றுண்டு. கிறிஸ்தவராகிய அவர், இந்து அந்தப்புரங்களுள் நுழைந்தது மதமாற்றத்துக்காக அன்று. பூசை அறையின் தூய்மையை மதித்தார். விரதமும் தவமுமாக வாழ்ந்த கைம்பெண்களின் மனவுறுதியைத் தம் நூல்களிலே வியந்து எழுதினார். 1893 இல் கல்கத்தாவிலே மகாகாளி பாடசாலையை நிறுவி, இந்து நெறி வழுவாத பெண்கல்வியைப் பரப்பிய மாதாஜி தபஸ்வினி அம்மையாரைப் பெரிதும் போற்றினார். அவர் வேண்டியது இப்பெண்கள் தம் சமயத்தைத் துறத்தல் அன்று. தம் உரிமையை அறிதல். அதனாலேயே, பிற ஆடவரைக் காணாத வீட்டுப் பெண்கள் அவரிடம் மனந்திறந்து பேசினர்.

கதவு திறந்தது

1922 இல் அம்மையார் அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். இதற்கிடையில் வேறு பெண்களும் நீதிமன்றக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தனர். 1916 இல் ரெஜினா குகா என்னும் பட்டதாரி விண்ணப்பித்தபோது கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1921 இல் சுதான்சுபாலா ஹஸ்ரா விண்ணப்பித்தபோது பாட்னா உயர் நீதிமன்றமும் மறுத்தது. சட்டத்திலே 'ஆள்' என்று எழுதப்பட்டுள்ள சொல் பெண்ணைக் குறியாது என்பதே அவர்கள் கண்ட நியாயம்! ஆனால் அதே 1921 ஆம் ஆண்டிலே அலகபாத் உயர் நீதிமன்றம், முன்பு தான் மறுத்த கொர்னீலியாவை வழக்குரைஞராகப் பதிவு செய்தது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரு நீதிமன்றத்தில் ஆளாக உள்ளவர் மற்றொன்றில் ஆள் அல்லர் என்னும் விந்தை நெடுநாள் நிலைக்க முடியுமா? 1923 ஆம் ஆண்டுப் பெண் வழக்குரைஞர் சட்டம் அத்தடையை நீக்கிற்று.

1924 இல் அம்மையார் கல்கத்தாவில் வழக்குரைஞராய் அமர்ந்தார். சட்டம் கதவைத் திறந்துவிட்டபோதிலும், உள்ளே இருந்தோரின் மனம் திறக்கவில்லை. எழுத்தில் அபிப்பிராயம் கேட்டனரேயன்றி, மன்றிலே நின்று வாதாடும் வாய்ப்பை அரிதாகவே கொடுத்தனர். 1929 இல் அத்தொழிலை விடுத்து இலண்டனிற் குடியேறினார்.

குறையும் கூறவேண்டும்

வரலாறு எழுதுவோர் தாம் விரும்பியதை மட்டும் எழுதிவிடல் ஆகாது. அம்மையாரின் வாழ்விலே நம்மால் ஏற்க முடியாத பகுதியும் உண்டு.

1927 இல் கதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்னும் நூலை வெளியிட்டார். இந்துக்களின் இல்வாழ்வையும் ஒழுக்கத்தையும் இழித்துரைத்து, இந்தியர் சுயாட்சிக்குத் தகுதியற்றோர் என்று காட்ட முயன்ற நூல் அது. சாக்கடைப் பரிசோதகரின் அறிக்கை என்று காந்தியடிகள் அதனை ஒதுக்கினார். இந்தியா எங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அந்நேரத்திலே கொர்னீலியா அம்மையார் மேயோவை ஆதரித்து நின்றார். காந்தியடிகளின் இயக்கத்தையும் எதிர்த்தார். பிரித்தானிய ஆட்சியின் நன்மையை வெளிநாடுகளிலும் எடுத்துப் பேசினார். வங்காளத்திலே பெண்களின் சமூக சேவைக்காக அவர் அமைத்திருந்த சங்கத்துக்கு இருந்த ஆதரவு இதனால் குலைந்தது. இருபதாண்டு உழைப்பினாற் பெற்ற நம்பிக்கையை ஒரு நூலுக்காக அவர் இழந்தார்.

இதற்குச் சமாதானம் சொல்வோர், அந்தப்புரங்களிலே அவர் நேரிற் கண்ட துன்பங்களே அவரை அவ்வாறு பேசச் செய்தன என்பர். துன்பம் உண்மைதான். மறுப்பதிற் பயனில்லை. ஆனால் துன்பத்தைக் களைவதற்குக் கூறுவது வேறு. ஒரு மக்களை ஆள்வதற்கு நியாயமாகக் கூறுவது வேறு. இவ்வேறுபாட்டை அவர் காணத் தவறினார். மேலும், அவருக்கு உபகாரச் சம்பளத்தை மறுத்தது எந்த அரசாங்கம்? பட்டத்தை மறுத்தது எந்த நாட்டுப் பல்கலைக்கழகம்? நீதிமன்றப் பதிவை மறுத்தவை எந்த ஆட்சியின் நீதிமன்றங்கள்? தம்மைத் தடுத்த கையையே பெண்குலத்தைக் காக்கும் கை என்று அவர் நம்பியது வியப்புக்குரியது. பெண்தொண்டும் நாட்டுப்பற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அக்காலத்திலேயே சான்றுகள் இருந்தன. சென்னைச் சட்டசபையிலே பெண்களுக்காக உழைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1930 இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது தம் பதவியைத் துறந்தார் அன்றோ!

ஆயினும், குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்த்து மிகுதியானதைக் கொள்ள வேண்டும் என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய நெறி. மேயோவின் நூலைப் படித்துச் சினந்தோர் பல்லாயிரவர். சினந்தோருள் எத்தனை பேர் ஒரு கைம்பெண்ணின் பத்திரத்தை வாசித்துக் காட்டினர்? அம்மையாரின் நாவிலே தவறு கண்டோம். கைகளிலே தவறு காண முடியவில்லை.

நமக்கு இதில் என்ன?

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருகிறேன்.

மிஷன் பாடசாலைகளிலே கல்வி கற்ற இந்துப் பிள்ளைகள் நம்முள் அநேகர். நானும் அவர்களுள் ஒருத்தி. காலையில் வீட்டிலே திருநீறு அணிந்து தேவாரம் ஓதிவிட்டு, பாடசாலையிலே அவர்களுடைய ஜெபத்துக்கு எழுந்து நின்ற நாட்கள் என் நினைவில் உள்ளன. அங்கு கற்ற கல்விக்கு நன்றி சொன்னால் சமயத்துக்குத் துரோகமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். சமயத்தைப் பேணினால் கற்பித்தோர்க்கு நன்றியின்மையோ என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். கொர்னீலியாவின் வரலாற்றைப் படித்தபோது இவ்விரு அச்சமும் வேண்டாதவை என்று தெளிந்தேன். அந்தப்புரத்திலே அவரை வரவேற்ற இந்துப் பெண்கள் தம் சமயத்தை விட்டுக் கொடுக்கவுமில்லை. அவரது உதவியைத் தள்ளவுமில்லை. நம் பாட்டிமாருக்கு இருந்த அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. அம்மையார் மறைந்து ஈராண்டில், 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், இந்துக் கைம்பெண்ணின் ஆயுட்கால உரிமையை முழு உரிமையாக்கிற்று. 2005 இல் வந்த திருத்தம், கூட்டுக் குடும்ப ஆதனத்திலே மகனுக்குள்ள பிறப்புரிமையை மகளுக்கும் அளித்தது. இவை பெரிய வெற்றிகள். ஆனால் உரிமை ஏட்டில் ஏறிவிட்டதனால் மட்டும் வீட்டுக்குள் வந்துவிடுமா? அண்ணன் தம்பியர் நீட்டும் தாளில், வாசித்துப் பாராது ஒப்பமிடும் பெண்கள் இன்றும் இல்லையா?

நம் நாட்டையும் நோக்குவோம். கொழும்பிலே 1913 இல் பிறந்த பார்சிப் பெண்மணி ஆவாபாய் வாடியா, 1934 இல் இங்கிலாந்தின் பாரிஸ்டர் பரீட்சையில் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து சென்று அதிற் சித்தியடைந்த முதற் பெண் அவரே. கொர்னீலியா தேய்த்த பாதையிலே நடந்தவர் என்று அவரைச் சொல்லலாம். அவருக்குப் பின் எத்தனையோ பெண்கள் இந்நாட்டில் சட்டம் பயின்றுள்ளனர். எனினும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியைத் தானே விற்பதற்குக் கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, முதுசொச் சட்டம் விதித்ததை நம்முள் எத்தனை இளம் பெண்கள் அறிவர்? அது நன்றா தீதா என்று வாதிப்பது பின்பு ஆகட்டும். முதலில் அறிதல் வேண்டும். தன்னைப் பிணிக்கும் விதியைத் தானே அறியாதிருப்பவள், வெற்றுத் தாளில் ஒப்பமிட்ட அந்த மாதினின்றும் எவ்வகையில் வேறுபட்டவள்?

2012 ஆம் ஆண்டு இலண்டன் 'லிங்கன்ஸ் இன்' சட்டக் கழகத்திலே கொர்னீலியா அம்மையாரின் உருவச்சிலை திறந்து வைக்கப்பட்டது. சிலை அங்கே இருக்கட்டும். நாம் செய்யக்கூடியது வேறொன்றுண்டு. நம் சங்கத்தின் வாசிகசாலையிலே, மாதத்தில் ஒரு நாளேனும், சட்டம் கற்ற நம் சகோதரியர் வந்திருந்து, ஊர்ப் பெண்கள் கொண்டுவரும் உறுதிகளையும் கடிதங்களையும் வாசித்துப் பொருள் சொல்ல ஒழுங்கு செய்யலாம் அல்லவா? பெரும் பணம் வேண்டாம். ஒரு மேசையும் இரு கதிரைகளும் போதும். வாலிபர் சங்கம் மனம்வைத்தால் அடுத்த மலர் வெளிவருமுன் இது கைகூடும்.

அந்த மேசைக்கு முன் ஒரு மூதாட்டி வந்தமர்ந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது பிள்ளை, ஒருக்கால் வாசித்துச் சொல் என்று தன் முடிச்சை அவிழ்ப்பாராயின், அதுவே கொர்னீலியா சொராப்ஜி அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.